புகை கழுவும் தண்ணி

ஜெயசிங்: ...அண்ணாச்சி, சுகிர்தாவை நேரா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருவோம். வீட்டுல வச்சு எதுக்குப் பேசணும்?

முத்துக்கிருஷ்ணன்: என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவ? மெதுவா நடலே.

ஜெயசிங்: உன் வீட்டுக்காரன் தங்கப்பழத்துக்கு அடிபட்டுருக்குன்னு...

முத்துக்கிருஷ்ணன்: அடின்னு சொல்லாத. லேசான காயம்.

ஜெயசிங்: கண்ணுல கட்டுப் போட்டுருக்கு. அது லேசா?

முத்துக்கிருஷ்ணன்: ஒரு கண்ணுதான. பார்வைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரு...

ஜெயசிங்: கட்டைப் பிரிச்சாத்தான் தெரியும்னாரு.

முத்துக்கிருஷ்ணன்: சத்தத்தைக் குறை. சங்கரன்கோவில்ல பாதிப் பேருக்கு அவனைத் தெரியும்.

ஜெயசிங்: பம்பைப் பத்தி அவ கேட்டா?

முத்துக்கிருஷ்ணன்: அவளுக்கு என்ன தெரியும்... கேக்க மாட்டா.

ஜெயசிங்: கேட்டா?

முத்துக்கிருஷ்ணன்: அவனாத்தான் திறந்தான். பிளான்ட்டுல அப்படித்தான எழுதிக் குடுத்திருக்கு. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க.

ஜெயசிங்: போட்டதுலேருந்து சோறு இறங்கல, அண்ணாச்சி.

முத்துக்கிருஷ்ணன்: இந்த வீடுதான? பெல்லை அமுக்கு.

சுகிர்தா: வாங்கண்ணே... உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டா?

முத்துக்கிருஷ்ணன்: இருக்கட்டும்மா. நம்ம தங்கப்பழம்... பயப்படாத. சின்னக் காயம். பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரில இருக்கான்.

சுகிர்தா: எப்படிண்ணே?

முத்துக்கிருஷ்ணன்: பாய்லர்லேருந்து புகை வருதுல்லா... அதுல உள்ள கார்பனைப் பிடிக்க ஒரு கெமிக்கல்...

சுகிர்தா: தெரியும். கீழேருந்து புகை ஏறும். மேலேருந்து மருந்துத் தண்ணி இறங்கி அதைப் பிடிச்சுக்கிடும். அந்தத் தண்ணியக் காய்ச்சுனா பிடிச்சதை விட்டுரும், திரும்ப மேல அனுப்புவாவ. சாப்பிட உக்காந்தா அவியளுக்கு இதே பேச்சுத்தான்.

ஜெயசிங்: அந்தக் காய்ச்சுன தண்ணிதான், தங்கச்சி...

முத்துக்கிருஷ்ணன்: ஏலே...

ஜெயசிங்: ...பம்புல ஒழுகுச்சு. பாக்கப் போனான். மூஞ்சில அடிச்சிட்டு.

சுகிர்தா: பம்பை நிறுத்தி, வடிச்சு, ஆற வச்சுல்லா திறக்கணும்?

முத்துக்கிருஷ்ணன்: அவசரம்மா அவனுக்கு. யாரையும் கேக்காமத் திறந்துட்டான்.

சுகிர்தா: அவியளா? கேஸை அணைச்சிட்டு மூணு தடவ தொட்டுப் பாக்குத ஆளு...

ஜெயசிங்: கிளம்புதியா தங்கச்சி? கார் பிடிச்சிட்டு வாரேன்.

சுகிர்தா: நான் அப்பமே கிளம்பித் தயாராத்தான் இருக்கேன். காலையில அவியளே நர்சு போனை வாங்கிப் பேசுனாவ. கண்ணு வரைக்கும் சொல்லிட்டாவ.

ஜெயசிங்: பேசுனானா... வேற என்ன சொன்னான்?

சுகிர்தா: யாரு திறக்கச் சொன்னதுன்னு கேட்டேன். பேரைச் சொல்லல. ‘பிளான்ட்டை நிறுத்த மனசில்லாம சொல்லிட்டாரு. வீட்டுக்கு வருவாரு, வஞ்சிராத’ன்னாவ. வையக் கூடாதுன்னுதான் இம்புட்டு நேரமும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன்... உங்க ரெண்டு பேருல அது யாருண்ணே?

ஜெயசிங்: தங்கச்சி, அது வந்து...

முத்துக்கிருஷ்ணன்: நீ இருலே. நான்தாம்மா. இவன் வேண்டாம்னுதான் சொன்னான்.