வேலாயி, வயது அறுபத்தெட்டு

— இல்லீங்க. அறுபத்தெட்டு வயசுல ஒரு வேலாயி இந்த லயத்து வீட்டு வரிசையிலயே கெடையாதுங்க.

— பதினேழாம் நம்பர் காம்பரா இதுதானே அக்கா?

— இதேதான்.

— லிஸ்ட்ல வேலாயின்னு பேர் இருக்கே.

— இருக்கும். நாந்தான் வேலாயி. வர்ற தைக்கு முப்பத்தாறு முடியுது. நீங்க பதுளை சிவசக்தி டீச்சர்தானே?

— என் பேர் உங்களுக்கு எப்படி...?

— அது கெடக்கட்டும். மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க. கால்ல அட்டை ஏறியிருக்கு பாருங்க. பிச்சு இழுக்காதீங்க, ரத்தம் நிக்காது. இந்தாங்க உப்பு. அந்தச் சாக்க மட்டும் மிதிச்சிராதீங்க, சுத்தி வாங்க.

— தேங்க்ஸ் அக்கா. உண்மையச் சொல்லப்போனா, ஒரு சின்ன உதவி கேட்டுத்தான் வந்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி என் முதுமாணிப் படிப்புக்கு ஒரு ஆய்வு செஞ்சேன். மண்சரிவு வரக்கூடிய தோட்டங்கள்ல வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டு...

— வீடு வீடா.

— ஆமாக்கா. உண்மையச் சொல்லப்போனா, இங்கயும் வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

— டீயக் குடிங்க, ஆறிரும். நீங்க வந்தப்ப நான் எங்க இருந்தேன்?

— நீங்க... கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பீங்க.

— நான் கொழுந்து பறிக்கிறதில்லீங்க. பிள்ளைக் காம்பராவுல ஆயாம்மா. மலைக்குப் போறவங்க பிள்ளைங்களப் பகல் முச்சூடும் பாத்துக்கிறது என் வேல. சரி, நான்தான் இல்ல. அப்ப எனக்குப் பதிலாக் கைநாட்டு வெச்சது யாரு?

— கைநாட்டா?

— போன மாசம் வீடு குடுக்குற காரியாலயத்துக்குப் போனேன் டீச்சர். மேல் டிவிசன்காரங்களுக்கெல்லாம் புது வீடு, எங்க முப்பத்தொரு குடும்பத்துக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேட்டேன். அங்க வேல பாக்குற அகீலா மிஸ் நல்லவங்க, ஃபைலையே எடுத்துக் காட்டுனாங்க. ஒங்க ஆய்வ வெச்சுத்தான் லிஸ்ட் போட்டாங்களாம். 'வேலாயி, வயது அறுபத்தெட்டு. வீட்டில் வெடிப்பு: இல்லை.' கீழ ஒரு கைநாட்டு. நான் ஓ.எல். பரீட்சையில ஆறு பாடம் பாஸ் டீச்சர். எட்டு வயசுலருந்து கையெழுத்துப் போடுறேன்.

— அக்கா, அது வந்து...

— வேலாயின்னு பேரப் பாத்ததும் கெழவின்னு முடிவு பண்ணிட்டீங்க. கெழவின்னா கைநாட்டு. எங்கப்பா ஆசையா வெச்ச பேரு, எனக்கு முப்பது வயசுக்கு மேல கூட்டிருச்சு.

— தப்பு நடந்திருச்சுக்கா. உண்மையச் சொல்லப்போனா, உங்க ஃபாரம் மட்டும் எப்படியோ மாறி...

— உண்மையச் சொல்லப்போனா, உண்மையச் சொல்லப்போனான்னு மூனு தடவ சொல்லிட்டீங்க. அது இன்னும் வந்து சேரலீங்களே.

— டீச்சர்! போவமா?

— வாசல்ல யாருங்க அது?

— நான் வந்த த்ரீவீல் டிரைவர்க்கா, ஷப்ராஸ் நானா. அண்ணன் மாதிரி, எப்பவும் இவர் வண்டிதான். நானா, இன்னும் ஒரு பத்து நிமிசம்.

— மழை கூடுது டீச்சர். பெரகல பக்கம் மண் உருண்டா இண்டைக்குப் பதுளை போய்ச் சேர ஏலாது. அண்டைக்கும் இப்பிடித்தானே, பேய் மழை!

— என்னைக்குங்க நானா? உள்ள வாங்க, நீங்களும் ஒரு வாய் டீ குடிங்க.

— ரெண்டு வருசம் ஈக்கும் தங்கச்சி. டீச்சர் இந்த லயத்துக்குத்தான் வரப் பாத்த. மழை விட்டாத்தானே? பெரகல சந்திக் கடையில பகல்லருந்து அஞ்சு மணி மட்டும் குந்திக் கட்டுக் கட்டா எழுதின. மாஷா அல்லாஹ், என்ன வேகம்! கடை முதலாளிட்ட ஸ்டாம்ப் பேட் வாங்கிக் குடுத்ததே நான்தான். வாங்கின ரோல்ஸ் கூட ஆறிப் போச்சு, டீச்சர் தொடவே இல்ல.

— நானா... நீங்க போய் வண்டியில இருங்க.

— நான் என்னவும் பிழையாச் சொல்லிட்டனா டீச்சர்?

— இல்ல நானா. நீங்க ஒன்னுமே பிழையாச் சொல்லல.

— சரி, சரி. மேல ரோட்டுல ஈக்கிறேன். ஹார்ன் அடிச்சா வாங்க.

— நல்ல மனுசன். டீச்சர், ஒங்களுக்கு எடது கைப் பழக்கமோ?

— ஆமாக்கா. ஏன்?

— கிளாஸப் புடிச்சிருக்கிற அந்தப் பெருவெரல்ல குறுக்கால ஒரு வெட்டு. எங்க முப்பத்தொரு ஃபாரத்துலயும் அதே வெட்டு இருக்கு. அகீலா மிஸ் கவனிக்கல. நான் ஒவ்வொன்னாத் திருப்பிப் பாத்தேன். எப்புடி வந்துச்சு?

— அப்பாவோட கவ்வாத்துக் கத்தி. ஏழு வயசுல எடுத்து விளையாடினேன்.

— தேயிலச் செடி வெட்டுற கத்தி டவுன் வீட்டுல எப்புடி வந்துச்சு?

— நான் டவுன்காரி இல்லக்கா. பூனாகலை. லயத்துல பொறந்தவதான்.

— என்ன சொல்றீங்க?

— எங்கம்மாவுக்குக் கைநாட்டுத்தான் வரும். என் ஸ்கூல் ரிப்போர்ட் எல்லாத்துலயும் அவங்க வெரல்தான் இருக்கும். அன்னைக்குக் கடையில உக்காந்து, தோட்ட லிஸ்ட்டப் பாத்து லயத்துப் பொம்பளைங்க பேர ஒவ்வொன்னா எழுதி முடிச்சதும்... கை தானாவே ஸ்டாம்ப் பேட்டுக்குப் போயிருச்சுக்கா.

— வேற எவளாவது அப்புடி நெனச்சிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். நீயா புள்ள நெனச்ச?

— மூனு நாள்தான் லீவு கெடச்சுது. மேல் டிவிசன்ல ஐம்பத்தொம்பது வீடு நெசமாவே ஏறி எறங்கினேன். மூனாம் நாள் மழை. தொண்ணூறு வீடு கணக்கு, கொறஞ்சா மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிருவாரு. மறுநாள் ஸ்கூலுக்குப் போயாகணும்.

— அது கெடக்கட்டும். பொய்தான் எழுதுற, வெடிப்பு இருக்குன்னு எழுதியிருக்கலாமே? ஒனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?

— இருக்குன்னு போட்டா இன்னும் ஆறு கேள்வி வரும்க்கா. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எப்ப வந்துச்சு, எந்தப் பக்கம் ஓடுதுன்னு. இல்லன்னு போட்டா நேரா அடுத்த பக்கத்துக்குப் போயிரலாம்.

— ஆறு கேள்வி.

— ஆமாக்கா.

— அந்தச் சாக்க எடு.

— எதுக்கு?

— எடு சொல்றேன். எடுத்துட்டுக் கைய உள்ள விடு.

— ஐயோ... மணிக்கட்டு வரைக்கும் போகுது!

— மொத வருசம் நெருப்புக்குச்சி போச்சு. போன வருசம் நெருப்புப்பெட்டி போச்சு. சொவத்தப் பாரு, ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுக் கோடு கிழிச்சிருக்கேன். ஒன்னோட ஆறு கேள்விக்கும் பதில் அங்க இருக்கு. வந்திருந்தா பாத்து எழுதிக்கிட்டுப் போயிருக்கலாம்.

— உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுக்கா.

— கேக்கும். எம்மக தலமாடு அந்தப் பக்கந்தான். வேற எடம் எங்க இருக்கு? மலை சரிஞ்சுச்சே, அந்த மீரியபெத்தையில எங்க சின்னம்மா வீட்டுலயும் மொதல்ல தரைதான் வெடிச்சுது. அவங்கள இன்னும் மண்ணுக்குள்ளருந்து எடுக்கல. சரி, நீ எதுக்கு வந்த? இப்பவாச்சும் சொல்லு.

— பல்கலைக்கழகத்துல என்னை விரிவுரையாளரா எடுக்கப் போறாங்க. ஆய்வு முறையியல் படிப்பிக்க. அதுக்கு முன்னாடி என் பழைய ஆய்வச் சரிபாக்குறாங்க. அஞ்சு வீட்டுக்குப் போன் பண்ணி, இவங்க வந்தாங்களான்னு கேப்பாங்க. அதுல ஒன்னு உங்க வீடு. நீங்க வேல முடிஞ்சு வர்ற நேரமாப் பாத்து இன்னைக்கு அஞ்சு மணிக்கு எடுப்பாங்க.

— நான் வந்தாங்கன்னு சொல்லணும்.

— ஒரே ஒரு வார்த்தைக்கா. இல்லன்னா வாங்கின பட்டத்தையே பறிச்சிருவாங்க. நான் காரியாலயத்துல தனியாக் கதைச்சு, அடுத்த லிஸ்ட்ல உங்க லயத்த எப்படியாவது...

— அடுத்த லிஸ்ட் மொதல்ல வருமா, அடுத்த சரிவு மொதல்ல வருமா?

— மணி அஞ்சாகப் போகுதுக்கா, இப்ப எடுத்துருவாங்க.

— அந்தப் போன் பகல்லயே வந்துருச்சு.

— என்ன!

— சோத்துக்கு வந்தப்ப. ஜன்னல்ல பையில போன் தொங்குதுல்ல, அங்க மட்டுந்தான் சிக்னல். ஒரு சார் பேசுனாரு. சிவசக்தின்னு ஒருத்தங்க வந்தாங்களான்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க? அக்கா, என்ன சொன்னீங்க?

— வந்தாங்க, இங்கதான் உக்காந்து எழுதிக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னேன்.

— எல்லாம் தெரிஞ்சிருந்துமா? ஏன்க்கா?

— பிள்ளைங்களப் பாக்குறவ நான். தடுக்கி விழப்போற புள்ளையப் புடிச்சுத்தான் பழக்கம், தள்ளிப் பழக்கமில்ல. லயத்துப் புள்ளன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை கூட்டியே சொல்லியிருப்பேன். போ. ஒன் வேல முடிஞ்சுது. நானா ஹார்ன் அடிக்கிறாரு பாரு.

— ஆய்வு நெறின்னு ஒரு பாடம் இருந்துச்சுக்கா. அதுல எனக்கு ஏ.

— அது கெடக்கட்டும். மழை வலுக்குது, கெளம்பு.

— நமக்குப் பதில் சொன்னவங்களுக்கு நம்மளால கேடு வரக்கூடாது. அந்தப் பாடத்துல மொத வரியே அதுதான். நீங்க பதில் கூட சொல்லலையே... அக்கா, ஒரு தாள் தாங்க.

— எதுக்கு?

— தாங்கக்கா. பேனா என்கிட்ட இருக்கு. '...பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரையான முப்பத்தொரு வீடுகளுக்கும் நான் செல்லவில்லை. அந்தப் படிவங்கள் யாவும் நான் பொய்யாக நிரப்பியவை. பதினேழாம் இலக்க வீட்டின் தரையில் உள்ள வெடிப்பை இன்று நேரில் கண்டேன். தாமதிக்காமல் வந்து பார்வையிடவும்.' இத நாளைக்குக் காலையிலயே அகீலா மிஸ் கையில குடுங்க. பல்கலைக்கழகத்துக்கு நானே படம் எடுத்து அனுப்புறேன்.

— பட்டம் போயிருமே.

— போகும்.

— டீச்சர் வேலை?

— அதுவும் போகலாம். அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அந்தப் பட்டத்தக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க.

— நல்லா யோசிச்சியா?

— யோசிச்சா எழுத மாட்டேன்க்கா. கையெழுத்துப் போட்டுட்டேன். பிள்ளைக் காம்பரா ஸ்டாம்ப் பேட் இங்க இருக்கா?

— இருக்கு. அதான் கையெழுத்துப் போட்டுட்டியே?

— இந்த வெரலையும் பக்கத்துல வெச்சாத்தான் அந்த முப்பத்தொண்ணும் என்னுதுன்னு யாரும் மறுக்க முடியாது. நான் உட்பட.

— இந்தா. அழுத்தி வை. வெட்டு விழணும்.

— விழுந்திருக்கா?

— விழுந்திருக்கு. குடு, நனையாம மடிச்சு வெக்கிறேன். இப்ப நெஞ்சு லேசா இருக்கா?

— இல்லக்கா. அந்தத் தண்ணிச் சத்தம் காதுலயே நிக்குது.

— நிக்கட்டும். சிவசக்தி, நானும் ஒரு பொய்ய ஒத்துக்கணும். பகல்ல எந்தப் போனும் வரல. அந்தா, ஜன்னல்ல இப்பத்தான் அடிக்குது. எடு.