மலை தாண்டாத பொங்கல் படி

ஆவுடை, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தத் தாள்களை ஒருவருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் காட்டாதே. நாளைச் சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் அப்பாவுக்கு இரங்கல் கூட்டம். குத்தாலிங்கம் மாமாதான் தலைமை. எல்லையில் பிடிபட்ட அரிசி அப்பாவின் சொந்தச் சரக்கு, சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் போடப் போகிறார்கள். அது நிறைவேறிவிட்டால் அப்பா கடத்தல்காரர் என்று எழுத்தில் ஆகிவிடும். நான் பேசட்டுமா என்று கேட்டேன். "பொட்டப்பிள்ள மேடையேறுததாவது! வாயப் பொத்திக்கிட்டுக் கெட" என்று மாமா சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் இப்போது அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறோம். அவர் அரிசி மில்லிலிருந்து இருட்டிய பிறகு என்ன புறப்படுகிறது என்று உனக்கும் தெரியும். மேடையில் பேச வேண்டியதை இந்த ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வைத்தால் மாமா கையில் அகப்பட்டுவிடும், அதனால் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இதை உன் கையில் தருவேன். கூட்டத்துக்கு நீ கொண்டு வந்துவிடு. நான் எப்படியாவது மேடையேறிவிடுவேன். கையில் தாள் இல்லாவிட்டால் எனக்கு அழுகை மட்டும்தான் வரும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நெல் அரிசி வியாபாரிகள் சங்கத் தலைவர் குத்தாலிங்கம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் வடகரை, அச்சன்புதூர் மண்டிக்காரர்களே! மலைக்கு அந்தப் பக்கமிருந்து, புனலூரிலிருந்து, துக்கத்துக்காக வந்திருக்கும் முகம்மது மீரான் அவர்களே! மூட்டை சுமக்கும் தோழர்களே! பின்னால் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மறைந்த செயலாளரின் இளைய மகள் நாச்சியார். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இந்த மேடையில் அவரை அப்பா என்று சொன்னால் என் பேச்சு நின்றுவிடும். ஆகவே செயலாளர் பால்வண்ணநாதன் அவர்கள் என்றே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் பால்வண்ணநாதன் அவர்கள் மறைந்துவிட்டார்! இந்தச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத நாளில் தம் மண்டியிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தவர் மறைந்துவிட்டார்! எடை மோசம் என்று எவன் வந்து நின்றாலும், தராசைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்து, "நீயே நிறுத்துப் பாருலே" என்று சொன்னவர் மறைந்துவிட்டார்! அவரைப் போல ஒருவரை நாம் இனி எங்கே தேடுவோம்?

இந்தச் சங்கத்தின் பெரிய கூட்டம் எங்கே நடக்கும்? இந்தக் கட்டடத்திலா? இல்லை. ஆடி மாதம் சாரல் விழும்போது குற்றாலத்தில் நடக்கும். கொல்லம், கொட்டாரக்கரை, புனலூர் வியாபாரிகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருவார்கள். அருவியை விட்டு இறங்கி, ஈரத் துண்டோடு நின்றபடியே, வரப்போகும் கார் நெல்லுக்கு விலை பேசுவார்கள். முன்பணம் கிடையாது, கையெழுத்து கிடையாது. உடம்பு காய்வதற்குள் பேச்சை முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. நான் சிறுபிள்ளையாக அங்கே நின்று கேட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, துண்டு காஞ்சுபோச்சி. இன்னொருக்க நனைஞ்சுட்டு வந்து பேசுவமா?" என்பார் மீரான் அவர்கள்.

"நீரு வெலையக் கொறைக்கதுக்கு அருவியே வத்திப்போவும் வே. சொல்லும், ஒரு கோட்டை நெல்லுக்கு என்ன வெல?" என்பார் செயலாளர்.

இருவரும் சிரிப்பார்கள். புரட்டாசியில் நெல் அறுவடையாகும். ஆடியில் சொன்ன சொல்லுக்கு அரிசி மலையேறும். போன வண்டிகள் மிளகும் சுக்கும் பாக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். செங்கோட்டை அந்த மாநிலத்திலிருந்து நம் மாநிலத்துக்கு மாறியபோதுகூட இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. மாநிலத்துக்கு எல்லை வந்தது, அரிசிக்கு வரவில்லை. ஆந்திரமும் மைசூரும் கேரளமும் நாமும் ஒரே அரிசி மண்டலமாக இருந்தோம்.

சென்ற ஆண்டு அந்த மண்டலம் பிரிந்தது. நம் மாநிலம் தனியாக நின்றது; பெர்மிட் இல்லாமல் அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று இதே கூடத்தில் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நம் அரிசி நமக்கே என்று ஒருவர் மேடையில் முழங்கினார். அப்போது கைதட்டாமல் எழுந்து நின்றவர் ஒருவர்தான், நம் செயலாளர்.

"அண்ணாச்சிமாரே, கதவச் சாத்துதோம்னு கைதட்டுதீய. சாத்துன கதவுக்கு உள்ள நாமளும்லா இருக்கோம்? போற வண்டிதான் மிளகு ஏத்திக்கிட்டு வருது. போவாத வண்டி என்னத்த ஏத்திக்கிட்டு வரும்? வாங்க ஆளு வரலேன்னா வடகரைக்காரன் நெல்ல என்ன வெலைக்குப் போடுவான்?"

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "ஓமக்கு மவள அங்கன கட்டிக் குடுத்துருக்கு. அதான் வலிக்குது!"

எல்லோரும் சிரித்தீர்கள். செயலாளரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஆமா வே, வலிக்குது. வலிக்காதவன்கிட்ட கேட்டா எல்லாம் சொகமாத்தான் இருக்குன்னு சொல்லுவான்."

அவர் சொன்னது பொய்த்ததா? நீங்களே சொல்லுங்கள்! கார் நெல் களத்தில் கிடந்தது. கொல்லத்து ஆட்கள் வரவில்லை. விவசாயி கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். சரி, நெல் விலை விழுந்ததே, கடையில் அரிசி விலை விழுந்ததா? விழவில்லை. வாங்கி அடுக்கி வைக்க இடம் இருந்தவர்களிடம் அது அடுக்கிக் கிடந்தது. செங்கோட்டையில் மூட்டை தூக்கியவர்கள் ரயிலடியில் வெற்றுக் கையோடு உட்கார்ந்தார்கள். சுக்கு வாங்கப் போனால் கடைக்காரர் மலையைக் கைகாட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று கொஞ்சம் அரிசியும், மிச்சப் பசிக்கு மரச்சீனிக் கிழங்கும் வாங்கினார்கள். இந்தப் பக்க மேடைகளில் நம்மைக் காப்பாற்றிவிட்டதாகப் பேசினார்கள். அந்தப் பக்க மேடைகளில் தமிழன் பட்டினி போடுகிறான் என்று பேசினார்கள். இரண்டு பக்கமும் ஓட்டுக்குப் பேசினார்கள். நடுவில் அகப்பட்டவர்கள் யார்? இங்கே பிறந்து அங்கே வாழப்போன பெண்கள்!

என் அக்கா குழல்வாய்மொழி புனலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மாமியார் கேட்டாராம்: "உங்கப்பாரு அரிசிச் சங்கத்துச் செயலாளரு. பொங்கலுக்குப் படி வருமா, இல்ல அதையும் உங்க ஊரு கவர்மெண்டு தின்னுருமா?"

தாய்மார்களே, பொங்கல் படி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது அரிசியும் வெல்லமும் மஞ்சள்கொத்தும் காய்கறியும் பிறந்த வீட்டிலிருந்து போனால்தான் புகுந்த வீட்டில் அந்தப் பெண் தலைநிமிர்ந்து பானை வைப்பாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த வருடம் அதற்கும் பெர்மிட் வேண்டும் என்றார்கள். செயலாளர் பெர்மிட் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். ஓர் ஆபீஸில் ஒரு குமாஸ்தா, "மகளுக்கா? மக பசிக்கு அளவு போட்டுக் கொண்டாரும், பெர்மிட்டு தாரேன்" என்று கேலி செய்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது செயலாளர் சிரிக்கவில்லை.

மார்கழி கடைசியில் எங்கள் வீட்டுப் புறவாசல் வழியாக ஒவ்வொருவராக வந்தீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் மகளைக் கொடுத்த தாய்மார்கள் வந்தீர்கள். பழைய சேலைத் துணியில் கட்டிய சின்னச் சின்ன மூட்டைகள். "அண்ணாச்சி, யாரும் கேட்டா உங்க வீட்டுப் படின்னே சொல்லிருங்க" என்று சொன்னீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். படி கொண்டுபோகிறவர் அதை 'எங்கள் வீட்டுப் படி' என்றுதான் சொல்ல வேண்டும். 'இது இன்னொரு வீட்டுப் படி, நான் தூக்கிவந்தவன்' என்று சொன்னால், அந்தப் பெண்ணுக்குக் கொண்டுவரப் பிறந்த வீட்டில் ஆளில்லை என்று ஆகிவிடும். பெண்ணின் கை படும் முன் முடிச்சையும் அவிழ்க்கக் கூடாது. செயலாளர் எல்லோருக்கும் சரி என்று தலையாட்டினார்.

அக்காவைப் பார்க்கலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். ஆகவே அங்கே நடந்ததைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

பகவதிபுரத்தில் ரயில் நின்றதும் எல்லைச் சோதனைக்காரர்கள் ஏறினார்கள். எங்கள் பெஞ்சுக்கு அடியிலும் மேலேயும் மூட்டைகள். அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் குனிந்து மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, இது பல வீட்டுச் சாமான்னு பாத்தாலே தெரியுது. எந்தெந்த வீடுன்னு பேரச் சொல்லும். வீட்டுக்குக் கொஞ்சம்னு எழுதி விட்டுருதேன்."

பெயர்களைச் சொல்லியிருக்கலாம்! சொல்லியிருந்தால் ரயில் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவுக்குப் போயிருக்கும். மறுநாள் என் அக்கா பொங்கலிட்டிருப்பாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எல்லாம் எங்க வீட்டுப் படிதாம்யா."

"ஒரு வீட்டுக்கு இம்புட்டா? யோசிச்சுச் சொல்லும். எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"எங்க வீட்டுப் படிதான். எழுதிக்கிடும்."

எங்களை இறக்கிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் சாக்கை விரித்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, நிறுப்பதற்காக எல்லா அரிசியையும் ஒன்றாகக் கொட்டினார்கள். ஒரு வீட்டு அரிசி வெளுப்பு, ஒரு வீட்டு அரிசி கொஞ்சம் சிவப்பு. எல்லாம் கலந்து ஒரே குவியலானது. அதைப் பார்த்ததும்தான் அப்பா உட்கார்ந்துவிட்டார். "இனி எது யாருக்குன்னு நான் எப்படிட்டி பிரிப்பேன்?" என்று என்னைக் கேட்டார். அரிசியை எடுத்துக்கொண்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, எங்களைத் திரும்பும் ரயிலில் ஏற்றினார்கள். அப்பா என் தோளில் சாய்ந்துகொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து நான் அசையாமல் இருந்தேன். தென்காசி வந்து எழுப்பியபோதும் எழுந்திருக்கவில்லை.

புனலூர் ஸ்டேஷனில் என் அக்கா படிக்காகக் காத்திருந்தாள். தந்திதான் போனது.

பெரியோர்களே! அவர் அன்று கையெழுத்துப் போட்டதைக் காட்டித்தான் இன்று தீர்மானம் வருகிறது. தாமே ஒப்புக்கொண்டாரே என்கிறார்கள். ஆம், ஒப்புக்கொண்டார். எதை ஒப்புக்கொண்டார்? விற்கக் கொண்டுபோனதாகவா? உங்கள் மகள்களை எல்லாம் தம் மகள்கள் என்று ஒப்புக்கொண்டார்! அதற்குக் கடத்தல் என்று பெயரா? இருட்டிய பிறகு விளக்கை அணைத்துக்கொண்டு மலையேறும் லாரிகளின் சத்தம் இந்த ஊரில் என் காதில் மட்டுமா விழுகிறது? அவை எந்தச் சோதனையிலும் நிற்பதில்லை. அவற்றின் அரிசி எந்தப் பிளாட்பாரத்திலும் கொட்டப்படுவதில்லை. கதவைச் சாத்தியதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் சேலைத் துணியில் அரிசி கொண்டுபோனவர்தான் கடத்தல்காரர் என்று இந்தச் சங்கம் எழுதினால், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

செயலாளர் பால்வண்ணநாதன் அவர்களே! நீங்கள் விட்ட வேலையை நாங்கள் விடமாட்டோம். தென் மாநிலங்கள் நான்கும் மறுபடி ஒரே அரிசி மண்டலமாகி வழி திறக்கும்வரை, நீங்கள் எழுதிய மனுக்களை நான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதுவரை பொங்கல் படிக்காவது பெர்மிட் கொடுக்கும்படி ஆபீஸ் ஆபீஸாக நானும் நடப்பேன். என்னையும் பார்த்துச் சிரிக்கட்டும்.

தாய்மார்களே! உங்கள் பெயர் எனக்குத் தெரியும். மூட்டைகளை வாங்கி வைத்தவள் நான். ஒரு பெயரையும் நான் சொல்ல மாட்டேன். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்? நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன் ஒருவர், ஒரே ஒருவர் எழுந்து, "அதில் என் மகளுக்கும் படி இருந்தது" என்று சொல்லுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன். அதில் ஒரு மூட்டை அகிலாண்டேஸ்வரி தன் மகள் குழல்வாய்மொழிக்குக் கட்டியது. அகிலாண்டேஸ்வரி என் அம்மா. அது எங்கள் வீட்டுப் படி. அது மட்டும்தான் எங்கள் வீட்டுப் படி. மற்றவை யாருடையவை? எழுந்து நின்று சொல்லுங்கள். ஒருவர் சொல்லும்வரை இந்த மேடையை விட்டு நான் இறங்கப் போவதில்லை. என்னை இழுத்து இறக்கினாலும் கீழே நின்று

ஆவுடை, இங்கே என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.