‘நெடுமோனம்’ தந்த பேராசிரியருக்கு

இசைக்குள் உறையும் மௌனத்தை இவ்வுலகிற்கு எடுத்துக் காட்டிய ஏந்தலே, சுரங்களைச் செதுக்கிய சிற்பியே, வாத்தியங்களை வழிநடத்திய வேந்தே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பேராசிரியப் பெருந்தகையே, வணக்கம். தாங்கள் எடுத்துக் காட்டியபோது உலகம் குடையைத் தேடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் மாடி மூலையறையில், பியானோவும் பீரோவும் போக மிஞ்சிய இடத்தில் அமர்ந்து, முப்பதாண்டுகள் தாளில் தாளம் வளர்த்தீர்கள். தங்களிடம் பயின்றோர் பாரெங்கும் பரவியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லிஃப்டுக்குள் ஒலிக்கும் இசையை அமைக்கிறார். “கேக்கறவங்க நடுவுல எழுந்து போக முடியாத அரங்கம்யா அது” என்று தாங்களே பொறாமைப்பட்டதுண்டு.

தங்கள் படைப்புகளில் தலையாயது ‘நெடுமோனம்’. வாத்தியக் குழு முழுதும் முழங்கி, உச்சத்தில் சட்டென்று நின்று, ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓசையின்றி இருக்க, அதன் பிறகே பிற்பாதி பிறக்க வேண்டும். பிறந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவையோர் முடிந்துவிட்டதென்று கைதட்டி எழுந்து, குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். “இன்னும் பாதி இருக்குங்க” என்று தாங்கள் மேடையிலிருந்து சொன்னதைத் தன்னடக்கம் என்று எண்ணி, இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

“பரிசெல்லாம் வேணாம். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அத முழுசா கேட்டுட்டுப் போறேன்” என்றீர்கள். வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். சென்ற வாரக் கச்சேரிக்காக மௌனத்துக்கென்றே தனி ஒத்திகை வைத்தோம். “சும்மா இருக்கறதுக்கும் ஒத்திகையா சார்?” என்றார் டிரம்ஸ் ஆசிரியர். “நீ சும்மா இருந்து நான் பாத்ததே இல்லையேப்பா” என்று அருளினீர்கள். எதற்கும் முதலில் கைதட்டும் பழக்கமுள்ள கல்லூரி முதல்வரின் இரு கைகளிலும் பெரிய பூச்செண்டு ஒன்றைக் கொடுத்து முன்வரிசையில் அமர்த்தினோம். தங்கள் துணைவியாருக்கும் ஒன்று நீட்டினோம். “எனக்கு எதுக்குங்க? நான் இதுவரைக்கும் தட்டினதே இல்லையே” என்று மறுத்துவிட்டார்.

உச்சம் வந்தது. ஓசை நின்றது. முதல்வர் பூச்செண்டை இறுகப் பிடித்தார். கடைசி வரிசையில் யாரோ ஓர் இருமலை விழுங்கினார். மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. ஒரு கையும் அசையவில்லை, ஒரு நாற்காலியும் நகரவில்லை. ஆண்டாண்டாய்த் தாங்கள் கனவு கண்ட மௌனம் கண்ணெதிரே கனிந்து நின்றது. பிற்பாதியைத் தொடங்க வயலின் கலைஞர்கள் வில்லை உயர்த்தித் தங்கள் கையசைவுக்குக் காத்திருந்தார்கள்.

கலை காத்த காவலரே, தங்கள் முழங்கால் வலி தணிக. செவிக்கூர்மை குன்றாதிருக்க. புதிய படைப்புகள் பெருகுக, அவை சற்றே சுருங்கவும் செய்க. இல்லத்தாரோடு நலமும் நகைப்பும் சூழ நெடுங்காலம் வாழ்க என்று மனமார வாழ்த்துகிறோம்.

வில்கள் காத்திருந்த அந்த இடத்தில் தாங்கள், பல்லாண்டுப் பழக்கத்தில், அவையை நோக்கித் திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டீர்கள். கைதட்டாமல் இருப்பது மரியாதையாக இராது என்பதால் கைதட்டினோம்.

இசைத்துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்