மூன்று வரிசை ஆணித் துளைகள்

மணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லக் காத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! இந்த நீலக்கொடி மேடைக்கு உரியவரான வேட்பாளர் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! குழந்தையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நீலக்கொடி ஏந்தி வந்தவர்களே! மஞ்சள்கொடியை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

மேடை எனக்குப் புதிது. துறைமுகத்தில் நீர்மட்டக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. கருவி பேசினால் காது கொடுப்பேன். மனிதர் சுற்றிவளைத்துப் பேசினால் கொட்டாவி விடுவேன். ஆனாலும் இன்று நானே சுற்றிவளைத்துத்தான் தொடங்கப்போகிறேன். ஒரு கனவிலிருந்து.

ஒரே கனவு, இந்தத் தேர்தல் தொடங்கியதிலிருந்து. கடல் நம் கீழத்தெருவுக்குள் வருகிறது. ஆர்ப்பரித்து அல்ல, அலையடித்து அல்ல. அழைத்த விருந்தாளியைப் போல, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறது. தையல்கடை மேசைக்கடியில் குனிந்து, உருண்டு கிடக்கும் நூல்கண்டுகளைப் பொறுக்குகிறது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் அடக்கமாக அமர்கிறது. எங்கள் சமையலறையில், அடுப்பைப் பார்த்து நிற்கும் என் அம்மாவின் கணுக்காலைத் தொட்டுப் பார்க்கிறது. நாற்காலிகள் மெல்ல எழுந்து, மெல்லத் திரும்பி, ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு மிதக்கின்றன. தெருவே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் இன்னொரு தெரு. யாரும் அலறவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

யாரது அங்கே, "கனவெல்லாம் சாட்சியா தம்பி?" என்பது? சரியான கேள்வி, அண்ணே. சாட்சி இல்லை. சாட்சியிடம் வருகிறேன்.

நம் படகுத்துறையின் கடைசித் தூணில் ஓர் அளவுப்பலகை இருக்கிறது. வெள்ளைப் பலகை, கறுப்பு எண்கள், அடியில் பூஜ்யம். ஆண்டில் கடல் மிக மிக உள்வாங்கும் காலையில் தண்ணீர் அந்தப் பூஜ்யத்தைத் தொடும். இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தொடுகிறது. அதே பூஜ்யம், அதே இடம். மஞ்சள்கொடிக்காரர்கள் அதைத்தானே ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள்? "பலகையைப் பார்! கடல் அசையவில்லை!" அந்தச் சுவரொட்டியில் பலகைக்குப் பக்கத்தில் தூரிகையோடு நின்று சிரிக்கிறாரே ஒருவர், அவர் யார்?

என் சித்தப்பா. துறைமுகத்துப் பெயிண்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் "காயட்டும்". எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். "பல்லைப் பிடுங்கிடலாமா?" என்று கேட்ட டாக்டரிடமே "காயட்டும்"னு சொன்னவர். சிரிக்காதீர்கள், இங்கேதான் இருக்கிறார். அதோ, விளக்குக்கம்பத்துக்குக் கீழே. கைகட்டி நிற்கிறார். என்னைப் பார்க்க மாட்டேன் என்று வானத்தைப் பார்க்கிறார்.

என் அம்மா நீலக்கொடி. சித்தப்பா மஞ்சள்கொடி. ஒரே வீடு, ஒரே மேசை, நான்கு மாதமாகப் பேச்சில்லை. நடுவில் நான்தான் தபால்காரன்.

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, கடல் குளியலறை வரைக்கும் வந்தாச்சுன்னு."

"உங்க அம்மாகிட்ட சொல்லு, அது குழாய் ஒழுகுதுன்னு."

"ஒழுகுற குழாயில உப்பு எப்படி வந்துச்சுன்னு கேளு."

"சாப்பாட்டுல வராத உப்பு அங்கயாவது வந்துச்சேன்னு சொல்லு."

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? ஆமாம் என்று தலையாட்டுகிறீர்கள். எத்தனை மேசைகளை இந்தத் தேர்தல் இரண்டாகப் பிளந்துவிட்டது! தண்ணீர் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. அதற்குள் நாம் தனித்தனித் தீவுகளாகிவிட்டோம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக ஒரு மின்னணுக் கருவியை அந்தத் தூணில் பொருத்தினேன். உயரத்தைக் குறிக்க அலுவலகச் சுவரில் பதித்திருக்கும் மட்டக்கல்லை வைத்துத்தான் அதற்கு அளவு கொடுத்தேன். கருவி ஒன்று சொன்னது, பலகை வேறொன்று சொன்னது. பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசம். மூன்று வாரம் கருவியைத்தான் திட்டினேன். கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். கருவி அசையவில்லை.

போன வாரம், கடல் மிகவும் உள்வாங்கிய காலை. பனிமூட்டம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று அவற்றுக்கே தெரியாத நேரம். ரப்பர் பூட்ஸோடு ஏணியில் இறங்கினேன். பலகைக்குக் கீழே தூணில் அப்பியிருந்த சிப்பிகளைச் சுரண்டினேன். விரலுக்கு ஒரு துளை தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று விரல் கீழே, தண்ணீருக்குள், மறுபடி இரண்டு. இன்னும் மூன்று விரல் கீழே, மறுபடி இரண்டு. ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் சின்னச் சின்னக் குமிழிகள். கடல் அந்தத் தூணைப் புல்லாங்குழலாக எடுத்து மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிய பிறகுதான் விழித்தேன்.

நேரே சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, பலகையை ஏத்தி அடிச்சீங்களா?"

"ஆமா. ஏன், கோணலா இருக்கா?"

"எதுக்கு ஏத்துனீங்க?"

"அடேய், பூஜ்யம் தண்ணிய விட்டு வெளியவே வரல. ஈரத்துல பெயிண்ட் ஒட்டுமா? பூஜ்யம் அழிஞ்சு கெடந்தா என்னைத்தானே ஏசுவீங்க. ஏத்தி அடிச்சேன், பூசினேன், காயட்டும்னு உக்காந்தேன். நீ படிச்ச படிப்புல ஈரத்துல ஒட்டுற பெயிண்ட் இருந்தா கொண்டா."

"எத்தனை தடவை?"

தூரிகையை மண்ணெண்ணெயில் முக்கியவர் எடுக்கவே இல்லை. "போடா, வேலை கெடக்கு" என்றார். அவர் சுவரொட்டி எதிர்ச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக எல்லோருடைய பெயரையும் சுவரில் எழுதியவர். அவர் முகம் சுவரில் ஏறியது அதுதான் முதல் முறை.

பெரியோர்களே! இந்த மேடையில் ஏறும்போது என் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். படிக்கிறேன். "பலகை மோசடியை விளக்கவும். பெயிண்டரைச் சுட்டிக்காட்டவும்." தலைவர் அவர்களே, சட்டையை இழுக்காதீர்கள், இது இரவல் சட்டை. சுட்டிக்காட்டத்தான் போகிறேன்.

யார் ஏமாற்றினார்? பலகையா? பெயிண்டரா? இல்லை, ஒவ்வோர் ஆண்டும் வேறு எதையும் பார்க்காமல் "மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட எங்கள் அலுவலகமா? அதில் கடைசி நான்கு கையெழுத்து என்னுடையது. மோசடி என்று எழுதுவதானால் முதலில் என் பெயரை எழுதுங்கள்.

அந்த மனிதர் பூஜ்யத்தைக் காப்பாற்றினார். தண்ணீர் ஏறியது, பலகையை ஏற்றினார். மறுபடி ஏறியது, மறுபடி ஏற்றினார். நாம் கூட்டம் போட்டுக் கத்துவதற்கு முன்பே, கொடிக்கு நிறம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, கடலின் ஏற்றம் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். நம்மில் அதைச் செய்யாதவர் யார்?

வேட்பாளர் அண்ணன் கோபிக்க வேண்டாம். உங்கள் சுவரொட்டியையும் படித்தேன். "அடுத்த மழைக்குள் ஊர் மூழ்கும்!" மூழ்காது, அண்ணே. பொய். இருபத்து நான்கு ஆண்டில் பதினேழு சென்டிமீட்டர். அதில் கொஞ்சம், உலகம் சூடாகி, பனி உருகி, தண்ணீரே உப்பி ஏறியது. கொஞ்சம் நம் தரை இறங்கியது. எது எவ்வளவு என்று அந்தத் தூணுக்குத் தெரியாது, எனக்கும் இன்னும் தெரியாது. அளந்துதான் சொல்வேன். ஆனால் கீழத்தெருப் பள்ளிக்கூடத்தின் படி கடலுக்கு மேலே எவ்வளவு உயரம் தெரியுமா? கடல் மிக உயரும் பெருக்கு நாளில் இரண்டு சாண். அதே இடத்தில்தான் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள், பலகையை நம்பி! நாளைக்கு மூழ்கும் என்பவருக்கும் என்றைக்கும் மூழ்காது என்பவருக்கும் நடுவில், மெல்ல, மிக மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது தண்ணீர். அது கொடி பார்ப்பதில்லை. அது கூட்டத்துக்கு வருவதில்லை. அது வாக்குக் கேட்பதில்லை. வருகிறது, அவ்வளவுதான்.

என்ன, "சித்தப்பாவைக் காப்பாத்துறான்"னா? ஆமாம், காப்பாற்றுகிறேன். அவரிடமே கேட்டுவிடலாம்.

சித்தப்பா! இங்கே பாருங்க. எத்தனை தடவை ஏத்துனீங்க?

அமைதி, அமைதி. யாரும் கூச்சல் போட வேண்டாம். அவர் யோசிக்கட்டும்.

கையைத் தூக்குகிறார். பாருங்கள், தாய்மார்களே, நன்றாகப் பாருங்கள். மூன்று விரல்.

மூன்று வரிசை! நான் தூணில் தொட்ட அதே மூன்று! இருபத்து நான்கு ஆண்டுகளாக எந்த அலுவலகமும் எழுதாத உண்மையை, எந்த மேடையும் பேசாத உண்மையை, பெயிண்ட் படிந்த மூன்று விரல்கள் இந்த ஊருக்குச் சொல்கின்றன. இரண்டு கட்சிக்கும் சேர்த்துச் சொல்கின்றன. கை தட்டுவதானால் எனக்கு வேண்டாம், விளக்குக்கம்பத்துப் பக்கம் திரும்பித் தட்டுங்கள். மஞ்சள்கொடி அண்ணே, நீங்களும்தான். பைக்குள்ளிருந்து கையை எடுங்கள்.

அம்மா எழுந்து நிற்கிறார். என்னம்மா? "அவரை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு" என்கிறீர்களா? நீங்களே சொல்லுங்க. நான் தபால் வேலையை விட்டாச்சு.

நாளைக் காலை கடல் உள்வாங்கியதும் படகுத்துறைக்கு வாருங்கள். ஏணியின் ஒரு காலை நீலக்கொடி பிடிக்கட்டும், மறு காலை மஞ்சள்கொடி பிடிக்கட்டும். சித்தப்பா பலகையைக் கழற்றி, அடியில் இருக்கும் முதல் துளைகளிலேயே திரும்ப அடிப்பார். பூஜ்யம் தண்ணீருக்குள் போகும். போய்விடும், இனி நம் காலத்தில் வெளியே வராது. எத்தனை எண்கள் அதன் பின்னால் மூழ்குகின்றன என்று பள்ளிக்கூடம் கட்டுபவர்கள் கரையில் நின்று எண்ணிக்கொள்ளட்டும். பிறகு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.

என்ன சித்தப்பா? சத்தமாச் சொல்லுங்க... "பூஜ்யத்துக்குப் பெயிண்ட் காயாதேடா" என்கிறார்.

காயாமலே இருக்கட்டும், சித்தப்பா.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், கடைசி வரை மணியடிக்காத தலைவருக்கும், துண்டுச்சீட்டைத் திரும்பக் கேட்காத வேட்பாளர் அண்ணனுக்கும் நன்றி சொல்லி, ஈரமான பூட்ஸோடு விடைபெறுகிறேன். வணக்கம்.