குறுக்குவில்லுக்கு என் வாக்கு

விஸ்கான்சின் வடகாட்டு வில்வேட்டைச் சங்கத்தின் தலைவர் வெண்டல் ஸ்ட்ராண்ட் அவர்களே! முன்வரிசையில் கைகட்டி முறைத்துக்கொண்டிருக்கும் மூத்த வில்லாளர்களே! மான்கறிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே காதை இங்கே வைத்திருக்கும் தாய்மார்களே! 'குறுக்குவில் கூடாது' என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு எதிரணியில் அமர்ந்திருக்கும் என் அன்புக் கணவர் ஆரின் ஹாகன் அவர்களே! மார்லிஸின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக யாரும் சிரிக்கவில்லை.

வில்வேட்டைப் பருவத்தில் எல்லாருக்கும் குறுக்குவில்லை அனுமதிக்கலாமா? நாணை முன்பே இழுத்துப் பூட்டிவிட்டு, மான் வந்ததும் விசையைத் தட்டும் கருவி அது. என்ன, முன்வரிசை டுவெய்ன்? "அதுக்குத் துப்பாக்கியே தூக்கிட்டுப் போலாமே" என்கிறீர்களா? உங்க முறை வரும், உட்காருங்க. அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. மூச்சடக்கி, மெய்யொடுக்கி, மான் நெருங்கும்வரை காத்திருப்பதல்லவா வில்வேட்டை? அக்டோபர் காட்டின் அமைதியல்லவா நம் ஆஸ்தி? கண்டவரெல்லாம் நுழைந்தால் அது என்னாகும்? நியாயமான கேள்விதான்.

ஆனால் நம் சங்கத்தின் வழக்கம் என்ன? பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் இந்தக் கூடத்தின் முன்னால் நாணை இழுத்து, தலைவர் 'போதும்' என்னும்வரை நடுங்காமல் நிற்கவேண்டும். நின்றவரே மரத்தில் பரண் ஏறலாம். மர ஆலையில் தோள் நொறுங்கிய ஆரின், போன வருடம் நின்றார். கைதட்டினீர்கள். எப்படி நின்றார் தெரியுமா?

"மார்லிஸ், வேணாம். வீட்டுச் சண்டைய இங்க இழுக்காத."

"இது வீட்டுச் சண்ட இல்லீங்க. அந்த மானுக்கு யாரு பேசறது?"

வில்லின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு நின்றார், நண்பர்களே. தோள் தாங்கியது. அதே வில்லோடு வேட்டைக்கும் போனார். அம்புக்கு வலு போயிற்று. பெண்மானின் விலாவில் பாதிதான் இறங்கியது. அம்போடு ஓடிற்று அந்த மான். ரத்தத் தடம் பார்த்து நீங்களெல்லாம் தேடினீர்களே! டுவெய்ன், சதுப்பில் இடுப்பளவு இறங்கினீர்களே! கிடைத்ததா? வீட்டில் இந்த மனிதர் அதற்குப் பிறகு வாய்திறந்து சாப்பிட்டாரா?

டாக்டர் சீட்டு இருந்தால் இப்போதே குறுக்குவில் எடுக்கலாம், உண்மை. கேட்டுப் பார்த்தேன். "முடியாதவன்னு எழுதி வாங்கிட்டு நான் காட்டுக்குப் போகணுமா? இந்த வருஷமும் அதே வில்லுதான்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பயம். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

ஆரின் எழுந்துவிட்டார். பேசட்டும், தடுக்காதீர்கள்.

"அவ சொன்னது அத்தனையும் நெசம். நான் இனிமே வில்லத் தொடல, பரணும் ஏறல. ஆனா குறுக்குவில் வேணாம். என் ஓட்டு மாறாது."

கேட்டீர்களா? மானுக்காகக் காட்டை விட்டார். காட்டுக்காகத் தம்மையே விட்டுக்கொடுக்கிறார். இப்படிப்பட்டவர் காட்டுக்குள் இருந்தால் அமைதி கெடுமா? இவர் இல்லாத காட்டில் யாருடைய அமைதியைக் காக்கப் போகிறீர்கள்? எல்லாருக்கும் அனுமதி என்றால் எவரும் சீட்டு நீட்டவேண்டாம், எவரும் வில்லைத் தளர்த்தவேண்டாம், எந்த மானும் பாதி அம்போடு ஓடவேண்டாம்!

தலைவர் இப்போது கை தூக்கச் சொல்வார். என் கணவர் தமக்கு எதிராகத் தூக்குவார். நீங்கள் அவருக்காகத் தூக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும், குறிப்பாக டுவெய்னுக்கும், நன்றி. வணக்கம்.