மூன்று நாற்பத்தொன்றுக்கு எடுத்த படம்

சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் எங்கள் எல்லோருடைய பெயர்களும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. என் வயது நாற்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாம் வகுப்புக்கு ஒரு வாரம் போனதை, இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி சேர்த்துக்கொள்ளவில்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்றாவது மாடியில் தனியாக வசிக்கிறேன். பதினெட்டு வருடமாகப் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வேன் அக்கா என்று கேட்டால் பூனைகூட வழிகாட்டும்.

என் வேலை என்னவென்றால், பிள்ளை ஏறும்போது தலையைத் தொட்டு எண்ணுவது, இறங்கும்போதும் தலையைத் தொட்டு எண்ணுவது, பட்டியலில் பெயர் உள்ளவர் வந்தால் மட்டும் கையில் ஒப்படைப்பது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மந்திரியே வந்தாலும் தருவதில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு தலையும் குறைந்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இந்த வழக்கில் கைதாகியிருப்பவன் என் கூடப்பிறந்த தம்பி, வயது நாற்பத்து மூன்று, கப்பலில் எலெக்ட்ரீஷியன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தது நான்தான். சிறுமி அவனுடைய ஒரே மகள், வயது பதினைந்து. தம்பியும் அவன் மனைவியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. தம்பி மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும், தாய் சம்மதித்தால் விடுமுறையில் தகப்பன் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடலாம் என்பது கோர்ட் உத்தரவு. சிறுமி மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என் வேனில்தான் போய்வந்தாள். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வதால் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவேன்.

சென்ற புதன்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் போவதாகவும், அங்கேயே அறை எடுத்திருப்பதாகவும், நானும் வர வேண்டும் என்றும் சொன்னான். "எங்கிட்ட அவ வாயே தொறக்க மாட்டேங்கறாக்கா. நீ வந்தாத்தான் சிரிப்பா. ரெண்டு நாள் போரடிக்காம பாத்துக்க, அது போதும்" என்றான். "கோமாளி வேஷத்துக்கு ஆள் தேடி வந்தியாடா?" என்று கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. நான் அதை நம்பினேன்.

அதன் பிறகு அவன் சொன்னபடி மருந்துக் கடைக்குப் போய்த் தம்பி மனைவியைப் பார்த்தேன். முதலில் முடியாது என்றார். பிறகு, "அண்ணி, நீங்க கூடப் போறதா இருந்தா அனுப்பறேன். உங்கள நம்பித்தான்" என்றார். "தலையை எண்ணி வாங்கிட்டுப் போறேன், ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எண்ணித் திருப்பித் தர்றேன். ஒண்ணு கொறஞ்சா கேளு, கூடுனா கேக்காத" என்றேன். அவரும் சிரித்தார். பூங்காவில் வயதுக்குச் சான்று கேட்பார்கள் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்ததால் சிறுமியின் பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். பூங்கா வாசலில் யாரும் சான்று கேட்கவில்லை. உயரத்தைத்தான் அளந்தார்கள். அதன் பிறகு தம்பி, பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக் காரில் வைத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளே போனோம். சிறுமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடியே நடந்தாள். நான் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். மதியத்துக்குள் நாற்பத்திரண்டு "ம்" எண்ணினேன். அதை அவளிடம் சொன்னபோது நாற்பத்து மூன்றாவது வந்தது. அதன் பிறகு நான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் இருந்த காணாமல்போன குழந்தைகள் அறைக்குப் போய், அங்கிருந்த மஞ்சள் சட்டைப் பெண்ணிடம் பிள்ளையைக் காணோம் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னேன். மைக்கை என்னிடமே கொடுத்தார். "வயசு பதினஞ்சு, கறுப்புச் சட்டை, எதைக் கேட்டாலும் ம் மட்டும் சொல்ற கொழந்த எங்க இருந்தாலும் அத்தைகிட்ட வரவும்" என்று சொன்னேன். சிறுமி ஓடி வந்து, "ஐயோ அத்தை, மானத்த வாங்காத! எல்லாரும் பாக்கறாங்க!" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் குலுங்கிய குலுங்கலில் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். மஞ்சள் சட்டைப் பெண் என்னைத் திட்டினார். நியாயமான திட்டுத்தான்.

அதற்குப் பிறகு ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியது. பந்து எறியும் கடையில் அவள் எறிவதை நான் படம் எடுக்க வேண்டும் என்று தன் போனைக் கொடுத்து, பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொன்னாள். நாலு இலக்கம். அது எங்கள் வேனின் நம்பர். "என்னடி இது?" என்று கேட்டதற்கு, "மறக்காதுல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்து எறியப் போனாள். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாலை சாப்பிடும்போது அவள் கை கழுவப் போயிருந்த நேரம், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உன் மக போன எந்த நம்பர் போட்டுத் தொறக்கறா தெரியுமா? என் வேன் நம்பர்டா! உன்னுதும் இல்ல, அவ அம்மாவுதும் இல்ல" என்று தம்பியைச் சீண்டினேன். வேன் நம்பர் அவனுக்குப் புதிதல்ல. லீவில் வரும்போதெல்லாம் அந்த வேனின் வயர்களைச் சரி செய்து கொடுப்பவன் அவன்தான். அவன் சிரித்துவிட்டு, "நாளைக்கு அந்தப் போன் அவ கையில இல்லாம பாத்துக்கக்கா, பூரா நேரமும் அதையே நோண்டறா. ஏதாவது பந்தயம் கட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயம் கட்டினேன். சிறுமி மாலை வரை போனை லாக்கரில் வைத்தால், தலைகீழாகச் சுற்றும் ரயிலில் நான் ஏற வேண்டும். எனக்கு உயரம் ஆகாது. மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு பால்கனியில் துணி உலர்த்தக்கூடப் போகாதவள் நான். "சத்தியமா?" என்றாள். "வேன் மேல சத்தியம்" என்றேன். போன் லாக்கருக்குப் போனது. லாக்கர் அந்த ரயிலுக்கு நேர் எதிரே இருந்தது. சாவியை என் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்றேகால் மணிக்கு ரயிலுக்கு வரிசையில் நின்றோம். தம்பியும் எங்களோடு ஏறுவதாக இருந்தது. ஏறும் இடத்துக்கு வந்ததும் கழுத்து வலிக்கிறது என்று விலகிக்கொண்டு, "பையைக் குடுக்கா, கீழ விழுந்துரும்" என்று கையை நீட்டினான். கொடுத்தேன். எங்கள் பின் இருக்கை காலியாகவே போனது. மேலே நடந்ததைப் பற்றி என்னால் சாட்சி சொல்ல முடியாது, நான் கண்ணைத் திறக்கவில்லை. "அத்தை, கண்ணத் தொற! கண்ணத் தொற!" என்று சிறுமி கத்திக்கொண்டே வந்தாள். நான் வேன் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்ததாக இறங்கிய பிறகு சொன்னாள். தம்பி பையைத் திருப்பிக் கொடுத்தான். ரயில் கீழே பாயும் இடத்தில் தானாக எடுக்கும் படத்தை அவனே வாங்கி என் கையில் தந்தான். படத்தில் சிறுமி இரண்டு கையையும் மேலே தூக்கி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். நான் பிணம் மாதிரி இருக்கிறேன். கீழே தேதியும் 3.41 என்ற நேரமும் அச்சாகியிருக்கிறது.

அதன் பிறகு தம்பி, "அக்கா, நீ பஸ்ல போயிடு. அப்பாவும் மகளும் தனியாப் பேசிட்டே போறோம், நானே அவ அம்மாகிட்ட விட்டுடறேன்" என்றான். "வாங்குனவ நான். நான்தான் குடுக்கணும்" என்றேன். "எப்பப் பாத்தாலும் இந்த வேன் புத்தி" என்று சொல்லிவிட்டுக் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனான்.

நானும் சிறுமியும் லாக்கரைத் திறந்தோம். போன் அணைந்திருந்தது. தான் அணைத்து வைக்கவில்லை என்று சிறுமி சொன்னாள். உயிர்ப்பித்ததும் அவள் அம்மாவின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசிச் செய்தி, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரே ஒரு தடவ பேசு." அதற்கெல்லாம் மேலே, அந்தப் போனிலிருந்து அவள் அம்மாவுக்குப் போயிருந்த செய்தி, "நான் அப்பாகூடவே போறேன். இது என் இஷ்டம். என்னத் தேடாதீங்க."

சிறுமி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இத நான் எழுதல. சாவி உங்கிட்ட இருந்துச்சு. நம்பர் உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மணி பார்க்க நன்றாக வரும், வேன் வேலை நிமிஷக் கணக்கு. செய்தி போன நேரம் 3.41 என்று போனில் இருந்தது. கையில் இருந்த படத்தை நீட்டிக் கீழே உள்ள நேரத்தைக் காட்டினேன். அதில் அவள் கை இரண்டும் மேலே இருக்கிறது, என் கை இரண்டும் கம்பியில் இருக்கிறது. அவள் படத்தில் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு நம்பர் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு அவளைக் காணாமல்போன குழந்தைகள் அறைக்கு அழைத்துப்போனேன். அவள் கையைத் தரவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். மஞ்சள் சட்டைப் பெண், "இன்னைக்கும் வெளயாட்டா? போங்கக்கா, எனக்கு வேல இருக்கு" என்றார். "பிள்ள இன்னும் காணாமப் போகலம்மா. இனிமேதான் போகப்போகுது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கதவைத் தாழிட்டார். சிறுமி தன் தாயை அழைத்துப் பேசினாள். காவல் நிலையத்துக்கு மஞ்சள் சட்டைப் பெண் சொன்னார்.

நான்கு இருபத்தைந்துக்குத் தம்பி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டி, "என்னக்கா கூத்து இது? பிள்ளைய அனுப்பு" என்றான். கதவுக்குக் குறுக்கே நின்று, "லிஸ்ட்ல உன் பேர் இல்ல" என்றேன். "நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவளா?" என்று கேட்டான். "கூடப்பொறந்தவன்னு நெனச்சுத்தானடா பையைக் குடுத்தேன்" என்றேன். அதன் பிறகு போலீசார் வந்து காரைச் சோதித்து, சிறுமியின் பாஸ்போர்ட்டையும், அன்று மாலை ஏழு மணி விமானத்துக்கு இரண்டு டிக்கெட்டையும், அவள் அளவுக்குப் புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டை ஒன்றையும் எடுத்ததை நேரில் பார்த்தேன். எனக்கு டிக்கெட் இல்லை.

இன்று திங்கட்கிழமை காலை, இந்த ஏற்பாடு முழுவதும் அக்காவின் யோசனை என்று தம்பி எழுதிக் கொடுத்திருப்பதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். பாஸ்போர்ட் வாங்கியது நான்தான். போனை லாக்கரில் வைக்கச் சொன்னது நான்தான். நம்பரைச் சொன்னதும் நான்தான். யோசனை என்னுடையது அல்ல. இதைக் கேட்ட பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தேன். சின்ன வயதில் அவன் எதை உடைத்தாலும் அக்காதான் உடைத்தாள் என்பான், நானும் ஆமாம் என்று அடி வாங்கிக்கொள்வேன். இந்த முறை முடியாது என்று அதிகாரியிடம் சொன்னேன்.

மேற்படி படத்தைச் சான்றாக ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்ததும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவளும் நானும் சேர்ந்து இருக்கும் படம் இந்த இரண்டு நாளில் வேறு எடுக்கவில்லை.

சிறுமியும் தாயும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது தாய், "எண்ணித் திருப்பிக் குடுத்துட்டீங்க அண்ணி" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிறுமி போனை எடுத்து, திரை என் பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டு, நாலு தடவை விரல் வைத்தாள், சற்று யோசித்து மறுபடியும் நாலு தடவை வைத்தாள். புதிய எண் என்ன என்று எனக்குத் தெரியாது.

நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதியதை வாசிக்கக் கேட்டேன். கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. இதில் விளையாட்டுக்குச் சொன்னது ஒன்றும் இல்லை, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
வேன் அக்கா