அது இல்ல, அவ

அதுன்னு சொல்லாதீங்க தம்பி, காதுல விழுந்துடப் போகுது. யார் காதுலயா? இந்த நாவல் மரத்துக் காதுலதான். எங்க வீட்ல இவளை அவள்னுதான் சொல்லணும்.

சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழ் இலக்கணம் நடத்தினவர். மாடு வந்தாள்னு எவனாவது எழுதிட்டா, உயர்திணை எது அஃறிணை எதுன்னு கூடவா தெரியலன்னு காதைத் திருகுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டின கையோட மரத்தடிக்குப் போய், இன்னிக்கு இவ முகமே சரியில்லையேம்பார். எனக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சல் அடிச்சப்ப என் முகத்தை அப்படிப் பார்த்தாரான்னு கேளுங்க.

மரம் அறுக்கிற மிஷினை ஏன் அதுக்குள்ள எடுக்கிறீங்க? முதல்ல டீயைக் குடிங்க. வேர் சுவரைப் பிளக்குதுன்னு பையன் போன் பண்ணித்தானே வந்தீங்க. அவன் சொன்னது நிஜம்தான். எனக்கும் இவளுக்கும் எப்பவுமே ஏழாம் பொருத்தம். வெள்ளைத் துணி காயப்போட்ட அன்னிக்குன்னு பார்த்துத்தான் பழத்தைத் தள்ளுவா. சக்களத்தி புத்தி, வேறென்ன. நல்லா நாலு திட்டு திட்டினா மறுநாள் ஒரு பழம் விழாது. ரோஷக்காரி.

அவரா? உள்ளதான் உட்கார்ந்திருக்கார். ரெண்டு வருஷமா ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. இப்பல்லாம் நான் சாப்பாட்டுத் தட்டோட போய் நின்னா, அது யாரு, அதைப் போகச் சொல்லுங்கிறார். ஆமா, நான் அஃறிணை ஆயிட்டேன். மரம் மட்டும் இன்னும் அவதான். அந்த வயித்தெரிச்சல்லதான், வெட்டித் தொலைடான்னு பையன்கிட்ட நானே சொன்னேன்.

நேத்துக் காலையில மரத்துக்குப் பின்னாடி துணி காயப்போட்டுட்டிருந்தேன். இவர் வந்து மரத்தை ரெண்டு தட்டு தட்டி, எங்க வீட்டுக்காரியைக் காணோம், அவ எங்க போய்ட்டா, உனக்குத் தெரியுமான்னு கேட்டார். மறைஞ்சு நின்னபடியே, எங்கயும் போகல, அவ உள்ளதான் இருக்கான்னு சொன்னேன். அப்படியா, சாப்பிட்டாளான்னு கேட்டுச் சொல்லுன்னார். என்னைப் பத்தித்தான் தம்பி. என்கிட்ட ஒருநாள் கேட்டதில்ல.

மிஷினை வண்டியில ஏத்திடுங்க. சுவர் போனா இன்னொண்ணு கட்டிக்கலாம், தெரிஞ்ச கொத்தனார் இருந்தா அனுப்பிவிடுங்க. செருப்புச் சத்தம் கேக்குது பாருங்க, அவர் வர்றார். கொஞ்சம் நகருங்க தம்பி, நான் மரத்துக்குப் பின்னாடி போகணும்.